சுண்ணாம்புக் கடன்

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது ஆச்சி வீட்டு முற்றத்தில் ஒரு மண்பானை கொதிக்கத் தொடங்கும். அடியில் அடுப்பு கிடையாது, விறகு கிடையாது. சுட்ட கல்லைப் பானைக்குள் போட்டுத் தண்ணீரை ஊற்றினால் போதும், பானை தானாகவே புகைந்து குமிழியிடும். பிள்ளைகள் எட்டிப் பார்க்கப் போனால், "கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும், தள்ளிப் போங்கலே" என்று ஆச்சி விரட்டுவாள். மறுநாள் பார்த்தால் தயிர்போல ஆறிக் கிடக்கும். அதில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து மட்டையால் சுவரில் இழுப்பார்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பழைய அழுக்கு அப்படியே இருப்பதுபோல் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவே கண் கூசும்.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்து ஊர் அது. அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடையில் இருந்தது, வாங்கினோம். வீட்டின் பின்கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் ஒன்று உண்டு. உள்ளே தெரியும் கல்லில் சின்னச் சின்னப் பூக்கள் செதுக்கியதுபோல் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் குழிகளில் சுண்டுவிரலை வைத்து எண்ணுவது எங்கள் மத்தியான விளையாட்டு. யாரோ ஒரு கல்தச்சன் இத்தனை பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது முருகைக்கல் என்றும், கடலுக்குள்ளிருந்து பெயர்த்து வந்தது என்றும் பிறகு தெரிந்தது. பானையில் கொதித்ததும் அதன் உறவுதான். சுவருக்குள் கல்லாகவும் சுவர்மேல் பூச்சாகவும் இருந்தது, நாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு தோட்டம்.

பவளத்துக்கு நம் மொழி வைத்த பெயர்களைப் பார்த்தால், மனிதர்கள் அதை எத்தனை தடவை தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது தெரியும். பழைய நூல்களில் அது துகிர். செல்வச் சந்தையில் நவமணிகளில் ஒன்று. கதை சொல்பவர்களுக்குப் பவளக்கொடி, அதாவது ஒரு தாவரம். கொத்தனாருக்கு முருகைக்கல். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது பார். கொடி, கல், பார் என்ற மூன்றில் எதிலும் விலங்கு என்ற சொல் இல்லை. இதில் நாம் மட்டும் தனி இல்லை. பெய்சோனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1720-களில் பவளத்தின் பூக்கள் என்று எல்லோரும் சொன்னவை உண்மையில் சிறு விலங்குகள் என்று எழுதியபோது, பாரிஸ் அறிஞர்கள் அதை நம்பவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. சில மில்லிமீட்டர் அகலத்தில், வாயைச் சுற்றி விரல்கள் முளைத்த ஒரு பைதான் பவள உயிரி. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தனக்குக் கீழே ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. பின்கட்டுச் சுவரில் நாங்கள் விரல்வைத்து எண்ணியவை அந்தக் கிண்ணங்கள். கட்டிய கிண்ணத்தின் மேலேயே அடுத்த அடுக்கைக் கட்டி உயர்ந்துகொண்டே போகும். கிளைவிடும் வகை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். பாறைபோல் திரளும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஆச்சி வீட்டுச் சுவரில் ஒரு முழ உயரமுள்ள கல் ஒன்று இருந்தது. அது திரளும் வகை. அப்படியானால் அந்த ஒரு கல் வளர்ந்து முடிக்க ஒரு மனித ஆயுளின் பாதியாவது ஆகியிருக்கும். கடப்பாரைக்கு அதைப் பெயர்க்க ஒரு நிமிடம் போதும்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாகக் கிடந்தன. குருசடை, மனோலி, முயல்தீவு, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான், காசுவார் என்று பெயர்களே ஒரு தாலாட்டுபோல் இருக்கும். தீவுகளைச் சுற்றிப் பார்கள். இங்கே 117 வகைப் பவளங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மன்னார் வளைகுடா முழுவதையும் சேர்த்தால் பதிவான உயிரின வகைகள் 4,223. உலகக் கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பவளப்பாறை இல்லை. ஆனாலும் கடல் உயிரின வகைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று ஏதோ ஒரு பருவத்தில் அதை நம்பி வாழ்கிறது. கலவாயும் ஓராவும் சிங்கி ராலும் கடல் குதிரையும் கடல் அட்டையும் பாரைச் சுற்றியே பிழைக்கின்றன. பக்கத்தில் கடல்புல் மேயும் ஆவுளியாவுக்குப் பாரே அலைதடுப்புச் சுவர்.

இத்தனை உயிர்கள் அங்கே கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெப்பக் கடலின் தெளிந்த தண்ணீர் பார்க்க அழகு, ஆனால் சத்தற்றது. மிதக்கும் உணவு அதிகம் இருந்தால் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். ஒரு வகையில் அது பாலைவனம். அந்தப் பாலைவனத்தில் பவளம் எப்படிக் கோட்டை கட்டியது? கடன் வாங்கி. அதன் சதைக்குள், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில். பவளம் வெளிவிடும் கரியமில வாயுவையும் கழிவையும் பாசி எடுத்துக்கொள்கிறது. வெயிலில் சமைத்த சர்க்கரையைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் வயிறு நிறைவதில் பத்தில் ஒன்பது பங்குவரை இந்த உள்வாடகைதான். ஒருவர் வீசும் குப்பை அடுத்தவருக்குச் சோறு. வீட்டுக்காரர் பகலெல்லாம் விரல்களை மடக்கிச் சும்மா இருக்கலாம், குடியிருப்பவர் உழைக்கிறார். இரவில் வீட்டுக்காரர் விரல் நீட்டி மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிப்பார்.

நமக்குத் தெரியும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தக் குடியிருப்பவரின் நிறம். பவளத்தின் சதை ஏறத்தாழக் கண்ணாடி. நிறம் கொடுப்பது உடனிருப்பவர்.

பாரைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கலாகவே தெரிகிறது. கலவாய் வாயைத் திறந்து நின்றால் விரலளவு மீன் உள்ளே நுழைந்து செவுளில் ஒட்டிய பூச்சிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். கலவாய் வாயை மூடாது. மணலில் ஓர் இறால் வளை தோண்டும், அதற்குக் கண் சரியாகத் தெரியாது. வளை வாசலில் ஒரு சிறு மீன் காவல் நிற்கும், அதற்குத் தோண்டத் தெரியாது. இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்தபடியே வேலை பார்க்கும். மீன் வாலைச் சிலுப்பினால் இரண்டும் உள்ளே. கிளிமீன் அலகால் பாரைச் சுரண்டித் தின்று மணலாக வெளியேற்றும். அந்த மணலும் உடைந்த பவளச் சல்லியும் குவிந்துதான் தீவு எழுகிறது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து மகிழும் வெண்மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றிலிருந்து வந்தது.

இந்தக் கணக்கில் வாங்கிக்கொண்டு மட்டும் போனவர்கள் நாம்.

தோணி தோணியாகக் கல் வந்தது. காளவாசல்களில் சுண்ணாம்பாயிற்று; வீடாயிற்று; ஆலைகளுக்குக் கச்சாப்பொருளாயிற்று. பிழைப்புக்காகக் கடப்பாரையோடு முங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கூலியை வாங்கித்தான் அவர்கள் பிள்ளைகளும் என்னோடு பள்ளிக்கூடம் வந்தார்கள். அவர்கள் பெயர்த்ததை நாங்கள் பூசினோம். பார் குறைந்ததும் அலைக்குத் தடை குறைந்தது. நல்ல பார் ஒன்று கரைக்கு வரும் அலையின் வலுவில் பெரும்பங்கைத் தானே வாங்கி உடைத்துவிடும். அது இல்லாவிட்டால் அலை நேராகத் தீவின் மணலைத் தின்னும். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 21 என்று இன்றும் எழுதுகிறோம். தண்ணீருக்கு மேலே நின்று எண்ணினால் 19.

தீவு மூழ்குவது சத்தமில்லாத செய்தி. ஊர் மூழ்கினால் அழுவதற்கு ஆள் உண்டு. விலாங்குச்சல்லிக்கு அழுதவர்கள், அங்கே முட்டையிட வந்து மணல் கிடைக்காமல் திரும்பிய ஆமைகளாக இருக்கலாம்.

பிறகு சட்டம் வந்தது. 1986-இல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இந்தியக் கடலில் அதுதான் முதல். 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதாவது, எழுதப்பட்ட சட்டத்தில் பார் கடைசியில் கல்லிலிருந்து உயிராயிற்று. புலிக்கு இருக்கும் காவல் அதற்கும் கிடைத்தது. 2005 வாக்கில் கல்லெடுப்பு ஏறக்குறைய நின்றது. கடப்பாரை விழாத இடங்களில் பவளம் மெல்ல மீண்டது. சட்டத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆனால் கோடு போட்டவுடன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோனவர்களும் உண்டு. தீவில் வலை காயவைத்து, கிணறு தோண்டிக் குடித்து, புயலுக்கு ஒதுங்கியவர்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களில், காலில் தகடு கட்டி, விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய பாடம். மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது, பாரைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015-இல் அமெரிக்காவில் விருது கொடுத்தார்கள். கடலில் முங்கிப் பிழைக்கிறவளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாசி மீண்டும் துளிர்க்க எத்தனை நாள் ஆகும் என்று அவள் கைக்குத் தெரியும். மிச்சம் வைத்தால்தான் அடுத்த மாதம் இருக்கும்.

எல்லா விருந்தாளியும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் இந்தக் கடல் பார்த்தது. ஆலைத் தேவைக்காக வெளிநாட்டுப் பாசி ஒன்றை இங்கே வளர்த்தார்கள். அது வேலியைத் தாண்டிக் குருசடைத் தீவின் பவளத்தில் ஏறிப் போர்வைபோல் மூடியது. வெயிலை மறைத்து, மூச்சை அடைத்து, கீழே இருந்ததைக் கொன்றது. அதுவும் பாசி, சதைக்குள் குடியிருப்பதும் பாசி. உள்ளே இருப்பது பவளத்திடமிருந்து எடுத்ததற்குப் பதில் கொடுக்கிறது; மேலே ஏறியது எடுப்பதோடு சரி. பெயரும் குலமும் அல்ல, திரும்பக் கொடுக்கிறதா என்பதுதான் குடியிருப்பவருக்கும் ஆக்கிரமிப்பவருக்கும் வித்தியாசம்.

கடப்பாரை நின்றுவிட்டது, காவலும் வந்தது. ஆனாலும் 2016-இன் கோடையில் பார் வெளுத்தது.

முன்பு 1998-இலும் 2010-இலும் வெளுத்திருக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, தண்ணீர் சில வாரம் அப்படியே நின்றால் போதும். சூட்டில் பாசியின் சமையல் கெட்டுவிடும். சர்க்கரைக்குப் பதில் நஞ்சு சுரக்கத் தொடங்கும். பவளம் வேறு வழியில்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றும். உடனே நிறம் போய்விடும். கண்ணாடிச் சதை வழியாக அடியிலுள்ள எலும்பு தெரியும். அப்போது அது இறந்துவிடவில்லை. உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியாக. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரும், நிறமும் வரும். குளிரவில்லையானால் வராது. 2016-க்கு முன் மன்னார் வளைகுடாவின் பாரில் 38.9 விழுக்காடு உயிருள்ள பவளம். அந்தக் கோடை முடிந்தபோது 22.7.

வேலி அப்படியே இருந்தது. காவல் படகு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எவரும் தொடவில்லை. தொடாமலே கொல்ல முடியும் என்று அந்த ஆண்டு காட்டியது.

இங்கேதான் ஆச்சி வீட்டுப் பானை மறுபடி என் நினைவுக்கு வருகிறது. பவளக்கல் என்பது வெறும் சுண்ணாம்பு மட்டும் இல்லை. கரியமில வாயுவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பூட்டிய பெட்டி அது. காளவாசலில் சுடும்போது அந்தப் பெட்டி திறக்கிறது. தூய சுண்ணாம்புக்கல்லை 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் சுண்ணாம்பாக நம் கைக்கு வரும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். விறகின் புகை தனிக்கணக்கு. கல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று நினைத்தோம். பாதிக்குக் கொஞ்சம் குறைவை வானத்துக்கு அனுப்பியிருந்தோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆச்சி சுவரில் பூசிய சுண்ணாம்பு காயக் காய வெளுத்தது ஏன் தெரியுமா? தண்ணீர் உலர்ந்ததோடு, அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சி, மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சுவர் கடலிடம் வாங்கிய கடனில் கொஞ்சத்தைக் காற்றில் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுவர் அடைத்தது, அடுப்பு அடைக்கவில்லை. ஒரு கடலோரத் தெருவின் காளவாசல் உலகத்தைச் சூடாக்கிவிடாது. அதைச் சொல்ல வரவில்லை. அதே அடுப்பை நாம் நிலக்கரியாலும் எண்ணெயாலும் சிமெண்ட் ஆலைகளாலும் பூமி முழுக்க மூட்டினோம். அதில் எழுந்த அதிக வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல் வாங்கிக்கொண்டது. புகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையும் வாங்கிக்கொண்டது. வாங்கிய புகை தண்ணீரைப் புளிப்பாக்குகிறது. புளித்த தண்ணீரில் பவளம் கிண்ணம் கட்டுவது கடினம். நமக்காகக் கடல் சேர்த்து வைத்தது போதாதென்று, நாம் வீசியதையும் அதுவே சுமக்கிறது. வெப்பம் 1.5 டிகிரி ஏறினால் உலகப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி ஏறினால் ஏறத்தாழ முழுவதும் போகும் என்று 2018-இல் உலக விஞ்ஞானிகளின் அறிக்கை சொன்னது.

ஆக, இரண்டு வெள்ளைகள். ஒன்று தை மாதத்துச் சுவரின் வெள்ளை; புதுசு, மங்கலம், விருந்து வரப்போகிறது என்பதன் அடையாளம். மற்றது மே மாதத்துப் பாரின் வெள்ளை. விருந்து எழுந்து போய்விட்டது என்பதன் அடையாளம். இரண்டும் ஒரே பொருள்தான். ஒன்றை நாம் தேடிப் பூசினோம், அந்தப் பூச்சு எங்கெங்கோ சுற்றி மற்றொன்றாக வந்து நிற்கிறது.

வெள்ளை என்றால் ஒன்றுமில்லாதது என்று சின்ன வயதில் வரைபடப் பாடத்தில் நினைத்திருக்கிறேன். நிறம் தீட்டாத இடம் வெள்ளை. பார் எனக்கு அதைத் திருத்திச் சொல்கிறது. வெள்ளை என்பது கொடுக்கல் வாங்கல் நின்றுபோன இடம். உயிருள்ள எதற்கும் சொந்த நிறம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். என் பேச்சின் நிறம் ஆச்சி கொடுத்தது. என் ஊரின் நிறம் கடலில் முங்கியவர்கள் கொடுத்தது. அவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் எனக்குள்ளும் ஒரு வெள்ளை எலும்புதான் மிஞ்சும்.

அப்படியானால் பாதுகாப்பது என்பதும் நாம் நினைத்ததைவிடப் பெரிய காரியம். வேலி போடுவது எடுப்பதை நிறுத்தும். அது பாதி. கடன் வாங்கியவன் இனிமேல் வாங்கமாட்டேன் என்று சொல்வதால் கடன் தீராது. வாங்கினதைத் திருப்புவதே மறுபாதி. தமிழில் கடன் என்ற சொல்லுக்கு வாங்கியது என்றும் பொருள், செய்யவேண்டியது என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

திருப்பும் முயற்சிகளும் நடக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு கரைந்து கரைந்து குறுகியபோது, 2015-இல் தொடங்கி அதைச் சுற்றி செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கினார்கள். துளையும் சரிவும் வைத்து வார்த்த கான்கிரீட் கட்டிகள். அலையின் வேகம் குறைந்து, மணல் தங்கத் தொடங்கியது. மீன்கள் துளைகளில் குடியேறின. உடைந்த பவளக் கிளைகளைக் கட்டித் தட்டுகளில் நட்டும் வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் எந்தக் கடலிலிருந்து கல்லைத் தோணியில் ஏற்றினோமோ, அதே கடலுக்குப் படகில் கல்லைக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கிறோம். அதுவும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்த சிமெண்ட். கடனைக் கடன் வாங்கி அடைப்பதுபோல. ஆனாலும் அந்தப் படகு போகும் திசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல்தடவையாக அது நிறைந்து போய் வெறுமையாகத் திரும்புகிறது.

மார்ச், ஏப்ரல் மாதப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் இந்தப் பார்கள் முட்டையிடும். ஒரே இரவில் பல கூட்டங்கள் சேர்ந்து, இளஞ்சிவப்பு மணிகளாக முட்டைக்கட்டுகளை மேலே விடும். நீந்தும் குஞ்சுகள் சில நாள் மிதந்து அலைந்து, உறுதியான ஓர் இடம் தேடி இறங்கும். மணலில் ஒட்டாது, சேற்றில் ஒட்டாது. கல் வேண்டும். அது முன்னோர் விட்டுப்போன கிண்ணமாக இருக்கலாம், நாம் இறக்கிய கான்கிரீட்டாகவும் இருக்கலாம். கொடுத்தது யார் என்று அந்தக் குஞ்சு கேட்பதில்லை. நாலைந்து வாரத்தில் கோடை வந்துவிடும் என்பதும் அதற்குத் தெரியாது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி இல்லை. வீட்டின் முன்பக்கம் டைல்ஸ், டிஸ்டம்பர். பின்கட்டுச் சுவர் மட்டும் பாதி நிற்கிறது. அந்த ஒரு முழக் கல்லும் இருக்கிறது. வெள்ளை போய்ப் பழுப்பேறியிருந்தது. மழை அறைந்து குழிகள் இன்னும் ஆழமாகியிருந்தன. பழைய பழக்கத்தில் சுண்டுவிரலை ஒரு குழியில் வைக்கப் போனேன். உள்ளே ஏதோ அசைந்தது. கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கட்டெறும்புகள், ஆளுக்கொரு வெள்ளை முட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்த கிண்ணத்துக்குக் குடிமாறிக்கொண்டிருந்தன. கடலைவிட்டு வந்து எத்தனை காலமாயிற்றோ, அந்தக் கல் இன்னும் வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.